லயத்தை இடிச்சா கல்லை எங்கே கொட்டுவது?

தீவுப்பகுதி மக்களிடம் இருந்து மலைநாட்டுக்கு ஒரு பாடம்



நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு நம்ம தோட்டங்களில் இருந்து போய் வந்தவங்க நிறையப் பேர் இருக்கீங்க. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போயிருப்பீங்க. அங்கே படகுக்குக் காத்து நிற்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கலாம். தீவில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்றால் சீமெந்து மூட்டை, கம்பி, தகரம், மெட்டல், மரம் எல்லாமே இந்தத் துறையில் இருந்து படகேறித்தான் போக வேண்டும். பெரும்பாலும் ஆள் தோளில்தான் ஏறும், ஆள் தோளில்தான் இறங்கும்.

சரி, புது வீட்டுக்குச் சாமான் இப்படிப் போகிறது. பழைய வீட்டை இடித்த கல்லும் காரையும் எப்படித் திரும்பி வரும்? யோசித்துப் பாருங்கள். கூலி கொடுத்து ஏற்றி, படகுக் காசு கொடுத்துக் கடல் தாண்டி, மறுபடியும் லொறிக்குக் காசு கொடுத்துக் கொண்டுபோய்க் கொட்ட யாருக்குக் கட்டுபடியாகும்? அதனால் தீவில் இடித்த கல் தீவிலேயே வேலைக்கு வந்தாக வேண்டும்.

இதை ஏன் தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்கிறோம்? நம்மில் பலர் இன்று லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறோம். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்று திட்டங்கள் வந்துள்ளன. பழைய அறையை இடிப்பவர்கள், குசினியைத் தள்ளிக் கட்டுபவர்கள், மழையில் விழுந்த சுவரை அள்ளுபவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கல்லையெல்லாம் எங்கே கொட்டுறது?" லொறி வரும் ரோட்டில் இருந்து நூறு படி மேலேயோ கீழேயோ இருக்கிற லயமும் நெடுந்தீவும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

ஸ்கிப் என்றால் கூடைதான்

லண்டனில் உள்ள நம்மவர்கள் வீடு திருத்தும்போது 'ஸ்கிப் எடுத்திருக்கிறோம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கனடாவில் இருப்பவர்கள் 'பின்' என்பார்கள். வேறொன்றும் இல்லை, அது ஒரு பெரிய இரும்புத் தொட்டி. லொறி கொண்டுவந்து வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். இடித்ததை நாம் அதில் நிரப்புவோம். பிறகு லொறி வந்து சங்கிலி போட்டுத் தூக்கிக்கொண்டு போகும். பொது ரோட்டில் வைப்பதென்றால் அங்கே கவுன்சிலிடம் அனுமதி எடுக்க வேண்டும், இரவில் விளக்கும் போட வேண்டும்.

ஸ்கிப் என்ற சொல்லுக்கே பழைய காலத்தில் கூடை என்றுதான் பொருள். கூடையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகில் கூடை கட்டி மலை ஏறியவர்கள் நாம். அதே கூடையில் கொழுந்துக்குப் பதிலாக உடைந்த கல்லை நிரப்பிப் பாருங்கள். கூடை ஒன்றுதான், ஆனால் நிறை பத்து மடங்குக்கு மேலே போய்விடும். தூக்கவே முடியாது.

ஸ்கிப் கம்பெனிகளும் இதே கணக்கைத்தான் பார்க்கின்றன. கல், கொங்கிரீட், மண் போன்ற பாரமான சாமானுக்குப் பெரிய தொட்டி தரமாட்டார்கள். பொதுவாக 8 கன யார் தொட்டிதான் எல்லை. நம்ம ஊர்க் கணக்கில் அது 2 கியூப்புக்குச் சற்று மேலே. அதில் உடைந்த கல் நிரம்பினால் ஏறக்குறைய 8 தொன். 12, 16 யார் தொட்டிகள் பலகை, மெத்தை, மட்டை போன்ற லேசான சாமானுக்குத்தான். விளிம்புக்கு மேலே குவித்தாலும் லொறிக்காரர் எடுக்கமாட்டார். ரோட்டில் ஒரு கல் விழுந்தால் பின்னால் வருபவரின் உயிர் போகும் அல்லவா?

நம்ம நாட்டில் பெரும்பாலான இடங்களில் இந்த வேலையைச் செய்வது ட்ரெக்டர் பெட்டி, டிப்பர், சின்ன ரோட்டில் லேண்ட்மாஸ்டர். வண்டி வேறு என்றாலும் விதி ஒன்றுதான்: பாரமான கழிவுக்கு இடத்தைப் பார்க்காதீர்கள், நிறையைப் பாருங்கள்.

ஒரே ஒரு அறை எவ்வளவு நிறை?

வாங்க, கணக்குப் போடுவோம். பழைய லயத்து அறை 10 அடிக்கு 12 அடி. நாலு பக்கமும் சேர்த்துச் சுவர் நீளம் 44 அடி. உயரம் 8 அடி, சுவர்த் தடிப்பு 9 அங்குலம் என்று வைப்போம். கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 244 கன அடி செங்கல் சுவர். இதன் நிறை ஏறக்குறைய 13 தொன்.

இடித்ததும் கல் கலைந்து இடம் பிடிக்கும். இடையில் காற்று புகுந்து, ஒன்று என்பது ஒன்றரை அளவாக ஊதும். அப்போது அதே சுவர் சுமார் 350 கன அடி, அதாவது மூன்றரை கியூப். (100 கன அடி ஒரு கியூப்.) கருங்கல்லில் கட்டிய தடித்த சுவர் என்றால் இன்னும் கூடும்.

13 தொன் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ஒரு தடவைக்கு 25 கிலோ தலையில் சுமந்தால் 520 நடை. இன்னொரு விதமாகச் சொன்னால், ஒரு நாளைக்கு 20 கிலோ கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் 650 நாள் எடுத்த கொழுந்தின் பாரம் அது. இதெல்லாம் ஒரே ஒரு அறைக்கு!

ஆகவே, முதலில் இடித்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று ஆரம்பிப்பவர் பாதியில் காசு இல்லாமல் நிற்பார். கல் வாசலில் கிடக்கும். அதில் பாம்பு குடியேறும், மழைத்தண்ணி தேங்கி நுளம்பு பெருகும், பிள்ளைகள் ஏறி விளையாடிக் காலில் ஆணி குத்திக்கொள்ளும்.

தீவுகள் மூன்று, பாடமும் மூன்று

இனித் தீவுப்பகுதிக்குப் போவோம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றும் தீவுதான். ஆனால் கல்லை வெளியே எடுக்கும் பாடு மூன்றிலும் வேறு வேறு.

ஊர்காவற்றுறைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து தரை வழியாகவே போகலாம். கடலுக்குக் குறுக்கே போட்ட பாதை இருப்பதால் டிப்பரும் ட்ரெக்டரும் வீட்டு வாசலுக்கே வரும். இங்கே வேறொரு கஷ்டம். 1990, 1991 ஆண்டுகளில் நடந்த போரில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்துச் சனங்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். பலர் வெளிநாடு போய்விட்டார்கள். போர் 2009இல் முடிந்தது. அத்தனை வருடம் ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் கூரை போய், சுவரில் ஆலும் அரசும் வேர்விட்டுவிட்டன. அந்த மாதிரி வீட்டை இடிக்கும்போது சுவர் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. இடிபாட்டுக்குள் வெடிக்காத குண்டு கிடக்கவும் கூடும். வடக்கில் பழைய வீட்டில் வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகளும் இதை மனதில் வைக்க வேண்டும். அடையாளம் தெரியாத இரும்புச் சாமானைக் கண்டால் தொடக் கூடாது. வேலையை நிறுத்தி, எல்லோரையும் தூர அனுப்பி, பொலிசுக்குச் சொல்ல வேண்டும்.

நயினாதீவுக்கு ரோட்டு இல்லை. குறிகாட்டுவானில் இருந்து படகு. தூரம் கொஞ்சம்தான், ஆனால் ஏற்றுவதும் இறக்குவதும் இரண்டு மடங்கு வேலை. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல் பூமி, அங்கே கருங்கல் மலை கிடையாது. மெட்டல் வன்னிப் பக்கம் இருந்து வர வேண்டும். அங்கிருந்து லொறி, பிறகு படகு, பிறகு தீவுக்குள்ளே இன்னொரு வண்டி. இவ்வளவு செலவில் வரும் கல்லுக்குப் பதிலாக, நிலத்துக்குக் கீழே நிரப்பப் பழைய சுவர்க் கல்லே போதும் என்றால் யார் வீசுவார்கள்?

நெடுந்தீவு இன்னும் தூரம். படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. நெடுந்தீவில் காணிகளைச் சுற்றி முருகைக்கல் மதில்கள் நிற்கின்றன. முருகைக்கல் என்றால் பவளப்பாறைக் கல். சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லின் மேல் கல்லாக அடுக்கியதுதான். அங்கே உள்ள பழைய கோட்டையும் அந்தக் கல்லால் கட்டியதே. சாந்து பூசாமல் அடுக்கிய மதிலுக்கு ஒரு வசதி உண்டு. விழுந்தால் அதே கல்லை எடுத்துத் திரும்ப அடுக்கலாம். கழிவு என்று ஒன்றே மிஞ்சாது. (பழைய கோட்டைக் கல், தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடத்துக் கல் ஆகியவற்றில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது.)

பாருங்கள், வண்டி போகப் போகக் கஷ்டமாகும் இடத்தில் கல்லின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

கடலிலே கொட்டினால் என்ன? பள்ளத்திலே தள்ளினால் என்ன?

தீவில் சிலருக்கு ஓர் எண்ணம் வரும்: சுற்றிக் கடல்தானே, கரையில் கொட்டிவிடலாமே என்று. அது சட்டப்படி குற்றம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்தில் இருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் வரையும், தாழ்நீர் மட்டத்தில் இருந்து கடல் பக்கம் 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம் என்று சொல்கிறது. அதற்குள் கட்டிடம் கட்டவும், கழிவு கொட்டவும், மணல் எடுக்கவும் அனுமதி வேண்டும். சட்டத்தை விடுங்கள், கல்லும் காரையும் விழும் இடத்தில் மீன் குஞ்சு பொரிக்கும் பாறையும் கடற்புல்லும் மூடிப்போகும். நட்டம் அதே ஊர் மீனவனுக்குத்தான்.

நமக்குக் கடல் இல்லை, சரிவு இருக்கிறது. பள்ளத்தில் தள்ளிவிட்டால் தொல்லை விட்டது என்று நாம் நினைக்கிறோம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மூன்று காரணம்:

ஒன்று, சரிவின் தலைமாட்டில் 13 தொன் கல்லை ஏற்றுவது, ஏற்கெனவே வழுக்கும் மண்ணின் தோளில் இன்னும் பாரம் வைப்பதாகும்.

இரண்டு, அந்தக் கல் கானை அடைக்கும். கான் அடைத்தால் மழைத்தண்ணி ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் பாரமும் கூடும், பிடிப்பும் விடும்.

மூன்று, கீழே இன்னொரு லயம் இருக்கும். அதில் நம்ம சொந்தக்காரர்தான் இருப்பார்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மண்சரிந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் மழையில் மலைநாடு பட்ட பாட்டையும் பார்த்தோம். அவற்றுக்குக் காரணம் யாரோ கொட்டிய கல் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மலை எவ்வளவு இளகிப்போய் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கானை அடைப்பது நம்ம கையால் நாமே செய்யும் கேடு.

இடிக்கும் முன்னே செய்ய வேண்டியவை

முதலில் அனுமதி. லயம் தோட்டத்துக்கு உரியது, நடுச்சுவர் பக்கத்து வீட்டாரோடு பொதுவானது. தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள். பக்கத்து அறைக்காரரோடும் பேசி, அவருடைய கூரைக்கு முட்டுக் கொடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்தது வரிசை. கட்டியதற்கு நேர்மாறாகக் கழற்ற வேண்டும். கூரைத் தகரம் அல்லது ஓடு, பிறகு மரம், கதவு, ஜன்னல் நிலை, கடைசியாகச் சுவர் மேலிருந்து கீழாக. சுவரின் அடியை வெட்டித் தள்ளிவிடும் பழக்கம் வேண்டாம். அதில் கல்லும் நொறுங்கும், ஆளும் அகப்படுவார்.

கழற்றும்போதே குவியல்களைத் தனித்தனியாகப் போடுங்கள்:

1. முழுக் கல், முழு ஓடு. சாந்தைச் சுரண்டி எடுத்தால் மறுபடி கட்டலாம்.
2. நல்ல மரம், கதவு, நிலை. தீவில் பழைய பனஞ்சிலாகையைக்கூட வீச மனம் வராது. நாமும் ஆணியைப் பிடுங்கிவிட்டு எடுத்து வைப்போம்.
3. இரும்பு, தகரம். பழைய இரும்புக்காரர் காசு கொடுத்தே எடுப்பார்.
4. உடைந்த கல், காரை. இது நிரப்பும் வேலைக்கு.
5. பொலித்தீன், துணி, உக்கிய மரம், வேர். இது மட்டும்தான் உண்மையான குப்பை. அளவில் கொஞ்சம்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் ஐந்தும் குப்பையாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு காலி நகரத்தில் இடிபாடுகளைத் தரம் பிரித்து மறுபடி பாவிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. அங்கேயும் முதல் வேலை இந்தத் தரம் பிரிப்புத்தான்.

உடைந்த கல் எதற்கு உதவும்?

புது வீட்டின் நிலத்துக்குக் கீழே நிரப்பலாம். 550 சதுர அடி வீட்டில் சுவர் போக உள்ளே சுமார் 450 சதுர அடி நிலம் இருக்கும். ஓர் அடி உயர்த்த 450 கன அடி நிரப்ப வேண்டும். நாம் மேலே கணக்குப் போட்ட ஒரு அறையின் 350 கன அடி கல்லும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்! கொட்ட இடமும் தேட வேண்டாம், நிரப்ப வாங்கும் மண்ணும் வெகுவாகக் குறையும்.

ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். பெரிய கட்டியை உடைத்து, ஒரு தடவைக்கு அரை அடி உயரம் மட்டும் பரப்பி, தண்ணி தெளித்து, இடிகட்டையால் நன்றாக இறுக்கி, பிறகு அடுத்த படை. மரத்துண்டும் வேரும் உள்ளே போனால் நாளைக்கு உக்கி நிலம் கீழே இறங்கும். சரிவுப் பக்கம் நிரப்புவதென்றால் தாங்குசுவர் இல்லாமல் செய்யக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுச் செய்வது நல்லது.

படிக்கட்டு, நடைபாதை, பீலியடியில் சேறு ஆகாமல் போடும் கல், மாட்டுப் பட்டித் தரை ஆகியவற்றுக்கும் உதவும். கம்பி போட்ட கொங்கிரீட்டுக்கு மட்டும் பழைய காரையைச் சேர்க்காதீர்கள். தீவுப்பகுதியில் இது இன்னும் முக்கியம். கடல் உப்பு ஏறிய காரை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, கொங்கிரீட்டை வெடிக்க வைத்துவிடும்.

வண்டி பிடிக்கும்போது ஏமாறாமல் இருக்க

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் வண்டி. பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேளுங்கள்:

நடைக் கணக்கா, கியூப் கணக்கா? பெட்டியை நீங்களே அடி போட்டு அளவுங்கள். நீளம் 10 அடி, அகலம் 5 அடி, உயரம் 2 அடி என்றால் 100 கன அடி, சரியாக ஒரு கியூப். உயரம் ஒன்றரை அடிதான் என்றால் அது முக்கால் கியூப். 'ஒரு கியூப்' என்று காசு கொடுக்காதீர்கள்.

வண்டி எவ்வளவு தாங்கும்? உடைந்த கல் ஒரு கியூப் ஏறக்குறைய நாலு தொன் வரும். லேண்ட்மாஸ்டருக்கு ஒரு தொன் போதும். மலை ரோட்டு இறக்கத்தில் அதிக பாரம் ஏற்றினால் பிரேக் பிடிக்காது. ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் ஓட்டுநர் தம்பியின் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஏற்றுவது யார், இறக்குவது யார்? கூலி அதில் சேர்ந்ததா, தனியா?

எங்கே கொட்டப் போகிறார்? இதைத்தான் பலர் கேட்பதில்லை. 'அதை நான் பார்த்துக்கிறேன்' என்று சொன்னால் விடாதீர்கள். காணிக்காரரின் சம்மதமோ பிரதேச சபை காட்டிய இடமோ இருக்க வேண்டும். ஆற்றோரம், கான், தேயிலை மலை என்று கொட்டிவிட்டால், கல் யாருடையது என்று தேடிக்கொண்டு உங்களிடம்தான் வருவார்கள். கடைசி நடை கொட்டியதைப் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

மழைக்கு முன் ஏற்றுங்கள், முடியாவிட்டால் மூடி வையுங்கள். நனைந்த மண்ணில் தண்ணிக்கும் சேர்த்து நாம் காசு கட்டுகிறோம்.

தீவுப்பகுதியில் இந்த விஷயங்களைக் கேட்க ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு என்று பிரதேச சபைகள் உண்டு. நயினாதீவு வேலணைப் பிரதேச சபையில் சேர்ந்தது. நமக்கோ 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்ட காலம் தடையாக இருந்தது. தோட்டத்துக்குள் சபைக் காசில் வேலை செய்ய முடியாது என்பார்கள். 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே நீங்களும் சபைக்குப் போய், கல் கொட்டும் இடத்தைக் காட்டும்படி தைரியமாகக் கேட்கலாம். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது.

அஸ்பெஸ்டஸ் சீட் கவனம்

கூரையில் அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தால் அதைக் கல்லோடு சேர்க்கவே கூடாது. சுத்தியலால் அடித்து உடைக்கவும், வாளால் அறுக்கவும் வேண்டாம். அதில் இருந்து பறக்கும் கண்ணுக்குத் தெரியாத நார் நெஞ்சுக்குள் போய்த் தங்கும். இருபது, முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிவரக்கூடும். தண்ணி தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீட்டாகவே இறக்குங்கள். நல்ல முகமூடி போடுங்கள், பிள்ளைகளைத் தூர வையுங்கள். உடைந்த துண்டை ஈரத்தோடு தடித்த பொலித்தீனில் சுற்றித் தனியாக வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அதை நொறுக்கி வாசலில் பரப்புவது, நம்ம பிள்ளை விளையாடுகிற இடத்தில் நஞ்சைப் பரப்புவது போல.

கடைசியாக ஒரு வார்த்தை

நெடுந்தீவுக்காரருக்கு ஒரு கல்லை வீசுவதற்கு முன்னால் கடல் தெரியும். ஒரு மணி நேரக் கடல் தாண்டி வந்த சாமானை எப்படி வீசுவது என்று யோசிப்பார். நமக்கு அந்த நூறு படி தெரிய வேண்டும், கீழே இருக்கும் லயம் தெரிய வேண்டும்.

நம்ம பாட்டன் பூட்டன் காலத்துச் சுவர் அது. அவர்கள் குடியிருந்த அறையின் கல், நம்ம பெயரில் கட்டும் வீட்டுக்கு அத்திவாரத்தோடு சேர்ந்து கிடக்கட்டும். அதைவிட நல்ல இடம் அந்தக் கல்லுக்கு வேறு இல்லை.

ஆகவே உறவுகளே, முதலில் அளவுங்கள், பிறகு கழற்றுங்கள், பிரித்து வையுங்கள், மிஞ்சியதற்கு மட்டும் வண்டி பிடியுங்கள். கானை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.